கணித நுழைவுப் பரீட்சையும் வழிகாட்டி நூலும்



ஆண்டுதோறும் இலையுதிர்கால விடுமுறை முடிந்து எமது வார இறுதி வகுப்புகள் மீண்டும் ஆரம்பிக்கும்பொழுது, பெற்றோர் சிலர் என்னைத் தனியே அழைத்து ஒரே வினாவை வினவுவது வழக்கம். "மாஸ்ரர், கிம்னாசியம் சோதினைக்குக் கணக்குப் படிக்கிறதுக்கு எந்தப் புத்தகம் நல்லது?" என்பதே அவ்வினா. தாயகத்திற் கணித ஆசிரியனாகப் பணியாற்றியவன் என்பதனால் என்னிடம் உடனடியாக ஒரு நூலின் பெயர் இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கின்றனர். நானும் சில ஆண்டுகளுக்கு முன்னர் தயக்கமின்றி ஒரு பெயரைச் சொல்லிவந்தேன். இப்பொழுது அவ்வாறு சொல்வதில்லை. அதற்கான காரணத்தையும், ஒரு வழிகாட்டி நூலை எவ்வாறு தெரிவு செய்தல் வேண்டும் என்பதனையும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பரீட்சையை முதலில் அறிவோம்

சூரிச் மாநிலத்தில் கிம்னாசியத்துக்குச் செல்ல இரு பாதைகள் உள்ளன. ஆரம்பப் பாடசாலையின் ஆறாம் வகுப்பிலிருந்து நேரே செல்லும் ஆறு ஆண்டுப் பாதை ஒன்று. இதனை லாங்கிம்னாசியம் என்பர். இடைநிலைப் பாடசாலையின் இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பிலிருந்து செல்லும் நான்கு ஆண்டுப் பாதை மற்றையது. இது குர்ட்ஸ்கிம்னாசியம் எனப்படும். எமது வின்டர்தூர் நகரில் ரீகன்பேர்க் கன்ரோன் பாடசாலை ஆறு ஆண்டுப் பாதைக்கும், இம் லே, பியூல்ராயின் ஆகிய கன்ரோன் பாடசாலைகள் நான்கு ஆண்டுப் பாதைக்கும் எம்மவரிடையே நன்கு அறியப்பட்டவை.

இவ்விரு பாதைகளுக்கும் மாநிலம் முழுவதற்கும் பொதுவான நுழைவுப் பரீட்சை மார்ச் மாதத்தில் நடைபெறுகின்றது. பரீட்சைக்குரிய பாடங்கள் ஜேர்மன் மொழியும் கணிதமும் ஆகும். கணித வினாத்தாளுக்கு ஆறாம் வகுப்பு மாணவருக்கு 60 நிமிடங்களும், இடைநிலை மாணவருக்கு 90 நிமிடங்களும் வழங்கப்படுகின்றன. கணிப்பான் பாவிக்க அனுமதி இல்லை. விடையை மட்டும் எழுதினாற் போதாது. அவ்விடைக்கு வந்த வழியையும் எழுதிக் காட்டுதல் வேண்டும். நான்கு ஆண்டுப் பாதைக்கும் 2023 ஆம் ஆண்டு தொடக்கம் பாடசாலையில் மாணவர் பெற்ற புள்ளிகள் பரீட்சைப் புள்ளிகளுடன் சேர்த்துக் கணிக்கப்படுகின்றன. பரீட்சையிற் சித்தியடைந்த பின்னரும் முதல் அரையாண்டு தகுதிகாண் பருவமாகும். அப்பருவத்தைக் கடந்தவரே நிலையான மாணவராவர்.

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மையை நாம் விளங்கிக்கொள்ளலாம். இப்பரீட்சை, பாடசாலையிற் கற்பிக்கப்படாத புதிய கணிதத்தைக் கேட்பதில்லை. கற்ற கணிதத்தைப் புதிய சூழ்நிலையில், கணிப்பான் இன்றி, குறித்த நேரத்துள், தெளிவாக எழுதிச் செய்யும் ஆற்றலையே கேட்கின்றது. எனவே ஒரு வழிகாட்டி நூல் வளர்க்க வேண்டிய ஆற்றலும் அதுவேயாகும்.

எம்முடன் வந்த பழக்கம்

வழிகாட்டி நூல் என்றதும் எமது பெற்றோரின் மனக்கண்முன் தோன்றுவது எது? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் தொகுப்பு, க.பொ.த. உயர்தர வகுப்பின் கடந்தகால வினாத்தாட் புத்தகம், தனியார் கல்வி நிலையத்தில் உருட்டச்சிற் பதித்துத் தந்த குறிப்புகள் ஆகியனவே. பல்கலைக்கழக அனுமதிக்கு ஒவ்வொரு புள்ளியும் உயிர்நாடியாக இருந்த மண்ணில் வளர்ந்தவர் நாம். 1970களில் வந்த தரப்படுத்தல், அதன்பின் வந்த போர் ஆகிய இரண்டும் பரீட்சை என்னும் ஒற்றைக் கதவின் முன்னால் எம்மை நிறுத்தின. ஆகவே கூடுதலான கணக்குகள் உள்ள நூலே சிறந்த நூல் என்னும் எண்ணம் எம்முள் ஆழமாக வேரூன்றிவிட்டது.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபொழுது நான் பாடசாலை மாணவன். துவிச்சக்கரவண்டியின் பின்புறத்தில் அரிசியும் பாயும் கட்டியிருந்தன. அவற்றுக்கு மேல் அப்பா எனது கணித வினாத்தாட் புத்தகத்தையும் வைத்துக் கட்டினார். பின்னர் தென்மராட்சியில் ஒரு மரத்தின்கீழ் அமர்ந்து அப்புத்தகத்தின் கணக்குகளை மீண்டும் மீண்டும் செய்தேன். வேறு நூல் இல்லை. அதிலே விடைகள் மட்டுமே இருந்தன, செய்முறை இல்லை. செய்முறையை விளக்குவதற்கு அயலிலே ஓர் ஆசிரியர் இருந்தார். அந்த ஆசிரியரின் பெறுமதியை அன்று நான் புத்தகத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டேன் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னர் இந்த நாட்டிலேதான் உணர்ந்தேன்.

என் வீட்டில் நடந்தது

எனது மகள் இடைநிலைப் பாடசாலையின் இரண்டாம் வகுப்பிற் படிக்கும்பொழுது, 2023 ஆம் ஆண்டில், முதன்முறையாக இப்பரீட்சைக்குத் தோற்றினாள். அதற்கு முந்திய இலையுதிர்காலத்தில் நானே கடைக்குச் சென்று, அங்கிருந்தவற்றுள் மிகவும் தடித்த நூலைத் தெரிவு செய்தேன். ஏறத்தாழ 600 கணக்குகள். இறுதிப் பக்கங்களில் விடைகள் மட்டும். நாளொன்றுக்குப் பத்துக் கணக்குகள் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிள்ளை முகங்கோணாமற் செய்தாள். பிழைத்த கணக்கை மீண்டும் செய்யச் சொன்னேன். மீண்டும் பிழைத்தால் இன்னுமொரு முறை செய்யச் சொன்னேன். தை மாதமளவிற் பிள்ளை விடையை முதலிற் பார்த்துவிட்டு, அவ்விடை வரும்வரை எண்களைக் கூட்டியும் பெருக்கியும் பார்க்கப் பழகியிருந்தாள். அதனை நான் கவனிக்கவில்லை. முடித்த கணக்குகளின் தொகையை மட்டுமே கவனித்தேன்.

பரீட்சையில் அவள் சித்தியடையவில்லை. விடைத்தாளைப் பார்வையிட வாய்ப்புக் கிடைத்தபோது நானும் உடன் சென்றேன். கூட்டல், பெருக்கல், பின்னம், சமன்பாடு ஆகியவற்றில் தவறுகள் சிலவே. பல இடங்களிற் பிள்ளை செய்த கணிப்பு முழுவதும் சரியாக இருந்தது. ஆனால் அவள் கணித்தது கேட்கப்பட்ட கணக்கை அன்று, வேறொரு கணக்கை. வினாவை அவள் பிழையாக வாசித்திருந்தாள்.

வீடு திரும்பும்வரை இருவரும் பேசவில்லை. இருபது பிள்ளைகள் இருந்த வகுப்பறையில், யாருக்கு எங்கே பிழைக்கின்றது என்று முகத்தைப் பார்த்தே அறிந்த ஆசிரியன் நான். சொந்தப் பிள்ளைக்கு எங்கே பிழைக்கின்றது என்று ஆறு மாதமாக அறியாதிருந்தேன் என்பது எனக்குப் பெரும் தலைகுனிவாயிற்று.

"ஆல்" என்பதும் "ஆக" என்பதும்

பரீட்சை வினாவை நான் இங்கு தரவில்லை. அத்தகைய தடுமாற்றம் உள்ள ஒரு கணக்கை நானே அமைத்து அடுத்த வாரம் மகளிடம் கொடுத்தேன். அதன் பொருள் பின்வருமாறு:

ஒரு தொட்டியில் 900 லீற்றர் நீர் உள்ளது. முதலில் நீரின் அளவு மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கப்படுகின்றது. பின்னர் எஞ்சிய நீர் காற்பங்கால் குறைக்கப்படுகின்றது. இறுதியிற் தொட்டியில் உள்ள நீர் எவ்வளவு?

சரியான விடை 450 லீற்றர். 900 இன் மூன்றில் இரண்டு பங்கு 600. அந்த 600 இன் காற்பங்காகிய 150 ஐக் கழிக்க 450. மகள் எழுதிய விடை 75. அவள் முதலில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்து 300 என எழுதினாள். பின்னர் அந்த 300 ஐக் காற்பங்காக ஆக்கி 75 என முடித்தாள். இரண்டு இடங்களிலும் கணிப்புச் சரி. இரண்டு இடங்களிலும் வாசிப்புத் தலைகீழ்.

ஜேர்மன் மொழியில் இவ்விரண்டையும் வேறுபடுத்துவது ஒரு சிறு சொல். "அவுஃப்" என்று வந்தால் அந்த அளவுக்குக் கொண்டுவருதல். "உம்" என்று வந்தால் அந்த அளவால் மாற்றுதல். 600 பிராங் விலையுள்ள ஒரு துவிச்சக்கரவண்டியின் விலை "அவுஃப்" 240 பிராங் குறைந்தால், இப்போதைய விலை 240. "உம்" 240 பிராங் குறைந்தால், இப்போதைய விலை 360. தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் சரளமாக ஜேர்மன் பேசும் எமது பிள்ளைகள் இவ்வேறுபாட்டை அறிவர் என்றே நாம் நினைக்கின்றோம். பேச்சிற் சூழ்நிலை உதவி செய்வதால் அங்கே தவறு வெளிப்படுவதில்லை. பரீட்சைத் தாளில் உதவி செய்வதற்கு எவரும் இல்லை.

அன்று மாலை எனது மனைவி வேலையால் வந்து, சமையலறையில் நின்றபடியே மகளைக் கேட்டார். "கேள்வி என்னத்தைக் கேட்டது, பிள்ளை? எனக்குத் தமிழிலை சொல்லு பாப்பம்." அவருக்கு வேலைத்தலத்துக்கு வேண்டிய ஜேர்மன் மட்டுமே தெரியும். கணக்குப் பாடமும் சாதாரண தரத்துடன் முடிந்தது. மகள் தாளைப் பார்த்துத் தமிழிற் சொல்லத் தொடங்கினாள். "தொட்டியிலை 900 லீற்றர் தண்ணி இருக்கு, அம்மா. அதை மூண்டிலை ரெண்டு பங்காலை..." என்றவள் அவ்விடத்தில் நின்றாள். மீண்டும் தாளைப் பார்த்தாள். "பங்காலை இல்லை, அம்மா. பங்காக" என்றாள். பின்னர் எவரும் சொல்லாமலே அழிப்பானை எடுத்தாள்.

அந்தக் கணத்தில் நான் கற்றுக்கொண்டதே இக்கட்டுரையின் சாரம். தமிழிற் சொல்லும்பொழுது "ஆல்" என்று முடிப்பதா, "ஆக" என்று முடிப்பதா என்று பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தேயாக வேண்டும். இரண்டிற்கும் நடுவே தப்பிச் செல்ல வழி இல்லை. 600 கணக்குகள் காட்டிக்கொடுக்காத பிழையை ஒரு வேற்றுமையுருபு காட்டிக்கொடுத்தது.

இத்தகைய சொற்கள் இன்னும் சில உண்டு. "மிண்டஸ்ரென்ஸ்" என்றால் குறைந்தது. "ஹோக்ஸ்ரென்ஸ்" என்றால் கூடியது. ஐந்து பெட்டிகளில் "யே" 12 பழங்கள் என்றால் பெட்டிக்குப் பன்னிரண்டு, அதாவது மொத்தம் 60. எல்லாப் பெட்டிகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு அன்று. "அண்டர்ட்ஹால்ப்" என்றால் ஒன்றரை. அச்சொல்லைப் பாதி என்று எண்ணிக் கணக்கைக் கெடுத்த பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன். கால், அரை, முக்கால், ஒன்றரை என்று தமிழிற் பின்னங்களுக்குத் தனிப்பெயர்கள் நாவிற் பழகிய பிள்ளைக்கு இது மிகவும் இலகு.

நூலைத் தெரிவு செய்யும் முறை

இனி, நூலை எவ்வாறு தெரிவு செய்வது என்பதனை ஒழுங்காக நோக்குவோம்.

முதலாவது, நூலை வாங்குமுன் பிழையை அறிதல் வேண்டும். மாநிலக் கல்வித் திணைக்களம் முன்னைய ஆண்டுகளின் வினாத்தாள்களையும் விடைகளையும் இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றது. அவற்றுள் ஒன்றை எடுத்து, மணிக்கூட்டை வைத்து, பிள்ளையைச் செய்யவிடுங்கள். பின்னர் பிழைத்த ஒவ்வொரு வினாவையும் மூன்று நிரல்களில் ஒன்றில் எழுதுங்கள்: வினாவைப் பிழையாக விளங்கியது வாசிப்புப் பிழை, வழி தெரியாமல் நின்றது கருத்துப் பிழை, வழி தெரிந்தும் கூட்டல் பெருக்கலில் தவறியது கணிப்புப் பிழை. எனது மகள் இரண்டாம் முறை ஆயத்தம் செய்தபொழுது ஐப்பசி முதல் மாசி வரை கொப்பியில் எழுதிய பிழைகள் 61. அவற்றுள் வாசிப்புப் பிழை 29, கருத்துப் பிழை 20, கணிப்புப் பிழை 12. இந்த எண்கள் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்குவோர் இல்லை, நூலும் அவ்வாறே.

இரண்டாவது, அந்தக் கொப்பி சொல்வதற்கேற்ப நடவுங்கள். கணிப்புப் பிழை மிகுந்த பிள்ளைக்குப் புதிய நூல் எதுவும் தேவையில்லை. நாள்தோறும் பத்து நிமிடங்கள் கணிப்பான் இன்றிக் கணக்குச் செய்தலே போதும். கருத்துப் பிழை மிகுந்த பிள்ளை முதலிற் திரும்ப வேண்டியது தனது பாடசாலைப் பாடநூலுக்கும் தனது ஆசிரியருக்கும் ஆகும். சூரிச் மாநிலத்தின் பாடநூற் பதிப்பகம் வெளியிடும் கணித நூல்களை ஒட்டியே வகுப்பறைப் பாடம் நடைபெறுகின்றது. அந்நூலில் முடிக்காமல் விட்ட அதிகாரம் இருக்க, கடையில் வேறொன்றைத் தேடுதல் வீண். வாசிப்புப் பிழை மிகுந்த பிள்ளைக்கே, நீண்ட வசனக் கணக்குகளை விளக்கத்துடன் தரும் வழிகாட்டி நூல் பெரிதும் பயன்படும்.

மூன்றாவது, நூல் எந்தப் பரீட்சைக்கு உரியது, எந்த ஆண்டில் அச்சிடப்பட்டது என்பவற்றைப் பாருங்கள். ஆறாம் வகுப்புக்குரிய நூலும் இடைநிலைக்குரிய நூலும் அட்டையில் ஒன்றுபோலத் தோன்றலாம். வேறு மாநிலங்களின் பரீட்சைமுறை வேறு. "பாடத்திட்டம் 21" எனப்படும் புதிய பாடத்திட்டம் எமது மாநிலத்தில் 2018 ஆம் கல்வியாண்டு தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட நூலை உறவினர் அன்பளிப்பாகத் தந்தால் நன்றியுடன் பெற்றுக்கொள்ளுங்கள். ஆயினும் அண்மைய வினாத்தாளுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பிள்ளையிடம் கொடுங்கள்.

நான்காவது, செய்முறை உள்ள நூலையே தெரிவு செய்யுங்கள். மேலே சொன்ன தொட்டிக் கணக்குக்கு ஒரு நூல் "450" என்று மட்டும் விடை தருகின்றது எனக் கொள்வோம். 75 என எழுதிய பிள்ளை தனது பெருக்கலைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும். அதிலே பிழை இல்லாததால் மனம் சோர்ந்துவிடும். இன்னொரு நூல் "900 இன் மூன்றில் இரண்டு பங்கு 600" என்று முதல் வரியைத் தருகின்றது. பிள்ளை தனது 300 ஐயும் அந்த 600 ஐயும் பார்த்த அளவில், பாதை பிரிந்த இடம் எது என்று தானே கண்டுகொள்ளும். ஆசிரியர் அருகில் இல்லாத வேளையில் ஆசிரியர் செய்யும் பணியைச் செய்வதே வழிகாட்டி நூலின் கடமை.

ஐந்தாவது, நூலைப் பரீட்சித்துப் பாருங்கள். கடையிலோ, கேர்ச்பிளாட்ஸ் சதுக்கத்தில் உள்ள எமது நகர நூலகத்திலோ நூலை எடுத்து, பிள்ளைக்குச் செய்ய இயலாத ஒரு கணக்கைத் தெரிந்தெடுங்கள். செய்முறையின் முதல் வரியை மட்டும் வாசிக்கச் சொல்லி நூலை மூடுங்கள். அதன்பின் பிள்ளையால் ஓரடியேனும் தானாக முன்செல்ல முடியுமாயின் அந்நூல் அப்பிள்ளைக்குப் பொருத்தமானது. இறுதிவரை வாசித்தும் விளங்கவில்லையாயின், அது எத்துணைப் புகழ்பெற்ற நூலாயினும் அதனை வைத்துவிடுங்கள். ஒரு பிள்ளைக்குப் பொருந்திய நூல் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தும் என்னும் நியதி இல்லை. நான் இப்போது நூலின் பெயரைச் சொல்லாதிருப்பதன் காரணம் இதுவே.

ஆறாவது, முடிக்கக்கூடிய நூலை வாங்குங்கள். இலையுதிர்கால விடுமுறையிலிருந்து மார்ச் மாதப் பரீட்சை வரை ஏறக்குறைய 18 வாரங்களே உள்ளன. வாரத்தில் மூன்று நாட்கள், நாளொன்றுக்கு நான்கு கணக்குகள் எனின் மொத்தம் 216 கணக்குகள். பிழைத்தவற்றை ஆராய்ந்து, ஒரு வாரத்தின் பின் மீண்டும் செய்யவும் நேரம் வேண்டும். 600 கணக்குகள் உள்ள நூல் பிள்ளைக்கு நாள்தோறும் தோல்வியையே நினைவூட்டும். முன்னைய வினாத்தாள்களை மட்டும் தொகுத்து அச்சிட்ட நூலுக்குப் பணம் கொடுக்கவும் வேண்டியதில்லை. அவை இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுள் அண்மைய மூன்றைத் தொடாமல் வைத்திருந்து, இறுதி வாரங்களில் ஒத்திகையாகச் செய்விப்பது நன்று.

ஏழாவது, பணம் இன்றிக் கிடைக்கும் உதவிகளை விசாரியுங்கள். தனியார் ஆயத்த வகுப்புகளுள் ஆயிரம் பிராங்கைத் தாண்டுவனவும் உள்ளன. துப்புரவுப் பணியிலும் உணவகச் சமையலறையிலும் உழைக்கும் எம்மவர் பலருக்கு அது ஒரு மாத வாடகை. ஆனால் பல பாடசாலைகள் தாமே ஆயத்த வகுப்புகளை நடத்துகின்றன. வகுப்பாசிரியரைக் கேட்பதற்குத் தயங்கவேண்டாம். புலம்பெயர்ந்த குடும்பங்களின் திறமையுள்ள பிள்ளைகளுக்கென "ஷகால்" என்னும் ஊக்கத் திட்டம் 2008 ஆம் ஆண்டில் சூரிச் உன்டர்ஸ்ட்ராஸ் கிம்னாசியத்தில் ஆரம்பிக்கப்பட்டது. இவ்வாறான வழிகள் இருப்பதை அறியாமையாற் பின்தங்கிய பிள்ளைகளும் எம்மிடையே உள்ளனர்.

இரு மேதைகளின் பாடம்

மாணவச் செல்வங்களே! வழிகாட்டி நூலைப் பற்றிப் பேசும்போது கும்பகோணத்து இராமானுஜனை நினையாதிருக்க முடியாது. 1903 ஆம் ஆண்டளவில், தமது பதினாறாம் வயதில், ஜோர்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர் எழுதிய ஒரு நூல் அவருக்குக் கிடைத்தது. கார் இலண்டனில் மாணவரைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துவந்த ஆசிரியர். அந்நூலும் ஒருவகைப் பரீட்சை வழிகாட்டியே. ஏறத்தாழ ஐயாயிரம் முடிபுகள் அதில் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. நிறுவல்கள் மிகச் சுருக்கமாகவோ இல்லாமலோ இருந்தன. இராமானுஜன் அவற்றை மனனம் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் தாமே நிறுவ முயன்றார். அம்முயற்சியே அவரை மேதையாக்கியது. அதே நூலைப் படித்த ஏனையோர் பலரிருந்தும், இராமானுஜன் ஒருவரே.

ஆயினும் கதையின் மறுபக்கமும் உண்டு. 1904 ஆம் ஆண்டு புலமைப்பரிசிலுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்த அவர், ஆங்கிலப் பாடத்திற் தவறி அப்புலமைப்பரிசிலை இழந்தார். கணிதத்தில் இணையற்றவருக்கும் மொழி தடையாயிற்று.

இந்நாட்டிலும் அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் 1895 ஆம் ஆண்டு சூரிச் தொழில்நுட்ப உயர்கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்குத் தோற்றினார். கணிதத்திலும் பௌதிகத்திலும் சிறந்து விளங்கியும், பொதுப் பாடங்கள் போதாமையாற் சித்தியடையவில்லை. ஆராவ் நகரின் கன்ரோன் பாடசாலையில் ஓராண்டு கற்று, 1896 இல் அக்கல்லூரியிற் சேர்ந்தார். 1901 ஆம் ஆண்டில் இதே வின்டர்தூரின் தொழில்நுட்பக் கல்லூரியிற் சில வாரங்கள் பதில் ஆசிரியராக நின்று கணிதம் கற்பித்தவரும் அவரே. நாம் நாள்தோறும் நடக்கும் தெருக்களில், ஒருமுறை நுழைவுப் பரீட்சையிற் தவறிய ஓர் இளைஞர் கணித ஆசிரியராக நடந்திருக்கின்றார்.

கதவு ஒன்றன்று

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தாயகத்தில் இருந்த ஒற்றைக் கதவை இங்கும் கற்பனை செய்துகொண்டு பிள்ளையை வருத்தவேண்டாம். இந்நாட்டில் கிம்னாசியத்தின் மத்தூரா சான்றிதழைப் பெறுவோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. பெரும்பாலானோர் தொழிற்பயிற்சிக்குச் செல்கின்றனர். தொழிற்பயிற்சியுடன் தொழில்சார் மத்தூராவைப் பெற்றவர் பிரயோக விஞ்ஞான உயர்கல்லூரிகளுக்குச் செல்லலாம். மேலும் ஒரு இணைப்புப் பரீட்சையிற் சித்தியடைந்தாற் பல்கலைக்கழகத்திற்கும் செல்லலாம். 1874 இல் ஆரம்பித்த வின்டர்தூர்த் தொழில்நுட்பக் கல்லூரியின் வழிவந்த பொறியியற் பீடம் இன்று எமது நகரிலேயே இருக்கின்றது.

எனது மகள் மூன்றாம் வகுப்பில், 2024 ஆம் ஆண்டில், மீண்டும் தோற்றிச் சித்தியடைந்து, தகுதிகாண் பருவத்தையும் கடந்தாள். இம்முறை அவள் முடித்த நூல் முன்னையதன் மூன்றிலொரு பங்கு தடிப்பே உடையது. நூலகத்தில் அவளே தெரிந்தெடுத்தது. அவளுடன் எமது பள்ளியிற் தமிழ் கற்ற மாணவன் ஒருவன் சித்தியடையவில்லை. அவன் இன்று இயந்திரத் தொழிற்பயிற்சியில் இணைந்து, தொழில்சார் மத்தூராவும் கற்கின்றான். சென்ற மாதம் என்னைக் கண்டபொழுது, தான் கடைந்த உருக்குத் துண்டொன்றைக் காட்டி, அதன் அளவை மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்குவரை சொன்னான். கணக்கு அவனையும் கைவிடவில்லை.

ஜேர்மன் தெரியாது, கணக்குத் தெரியாது என்று ஒதுங்கி நிற்கும் தாய்மாரே, தந்தையரே! உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. நாளுக்கு ஒரு கணக்கை எடுத்து, "கேள்வி என்ன கேட்கிறது, எனக்குத் தமிழிற் சொல்" என்று கேளுங்கள். விடையைக் கேட்கவேண்டாம், வினாவை மட்டும் கேளுங்கள். பிள்ளை தடுமாறி நிற்கும் இடத்தில் அவசரப்படுத்தாது காத்திருங்கள். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத வழிகாட்டி அதுவாகும். அதற்குப் பிள்ளையிடம் தமிழ் இருத்தல் வேண்டும்; அதனை வளர்ப்பதற்காகவே எமது பள்ளி வாரந்தோறும் கூடுகின்றது.

எதிர்வரும் மார்ச் மாதத்திற் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் எமது மாணவச் செல்வங்கள் யாவரும் வினாவை இருமுறை வாசித்து, அமைதியான மனத்துடன் எழுதி, தத்தமக்குரிய பாதையிற் சிறப்புற்று விளங்க வேண்டுமென வாழ்த்தி அமைகின்றேன்.